நாக்கில் தொங்கும் சிலிண்டர்

சுண்டுவிரல் அளவுச் சிலிண்டர் ஒன்று அந்த அம்மாவின் நாக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. என் கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள். மண் அள்ளும் வண்டி ஓட்டுகிற ஒருவர், தம் கை நீளம் வரும் கிழிந்த ஹோஸ் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த காரியத்தை மறந்து பார்க்கிறார். அம்மா யாரையும் பார்ப்பதில்லை. கண்ணை மூடி மனதுக்குள் எண்ணுகிறார்.

"என்னம்மா, பல்லு வலியா?" என்றார் வண்டிக்காரர்.

அம்மா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பொறு என்று அர்த்தம். நாற்பது எண்ணி முடித்த பிறகுதான் சிலிண்டரை நாக்கிலிருந்து பிய்த்தார். 'ப்ளக்' என்று ஒரு சத்தம்.

"பல்லு வலி இல்லண்ணே. பல் ஆஸ்பத்திரியில வேலை" என்றார்.

வண்டிக்காரருக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் முதல் நாள் போதவில்லைதான். முறை என்னவென்றால், சிலிண்டரை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பார். அதன் ஒரு துளையில் வாயை வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவார். அப்படியே நாக்கால் துளையை அடைத்துக் கையை விட்டுவிடுவார். உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சரியாக இருந்தால் காற்றுப் புகாது, சிலிண்டர் நாக்கைக் கவ்விக்கொண்டு தொங்கும். மயிரிழை கசிவு இருந்தாலும் விழுந்துவிடும். நாற்பதுதான் கணக்கு. முப்பத்தெட்டில் விழுந்தாலும் "வேண்டாம்ணே" என்று தட்டில் வைத்துவிடுவார். அந்த இரண்டுக்காக நான் எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். நடந்ததில்லை.

நான் ஹோஸும், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலும் விற்கிறவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரே தெரு, ஒரே கடை. இந்தத் தெருவுக்கு ஹோஸுக்கு இரும்பு முனை அழுத்திப் பொருத்தும் இயந்திரத்தை முதலில் கொண்டுவந்தவன் நான். படித்த இஞ்சினியர்கள் வந்து என்னிடம் அளவு கேட்டுக்கொண்டு போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட கடையில் வந்து நின்று, "நாலு எம்.எம். கம்பிக்கு சீல் இருக்காண்ணே?" என்று கேட்டார் இந்த அம்மா.

என் கடையில் சின்னச் சாமான் என்றால் கட்டைவிரல் தடிமன். நாலு மில்லிமீட்டர் என்பது பென்சிலின் பாதி. "அம்மா, இது வண்டிச் சாமான் கடை. நீங்க கேக்குறது கடிகாரக் கடையில கிடைக்கும்" என்றேன்.

"கடிகாரக் கடைக்குத்தான் போனேன். அவர்தான் உங்க கடைக்கு அனுப்பினார்."

அன்றிலிருந்து என் கடையில் அவருக்குப் பெயர் 'நாலு எம்.எம்.' வயது நாற்பத்தெட்டு. சனிக்கிழமை மதியம் பல் ஆஸ்பத்திரியை மூடியதும் நேராக வருவார். கையில் பிஸ்கட் டப்பா ஒன்று, அதற்குள் பஞ்சில் சுற்றிய உருப்படிகள். கைப்பையில் சீப்பு இருக்காது, வெர்னியர் இருக்கும். எதைக் கண்டாலும் அளப்பார். என் பேனாவை அளந்திருக்கிறார். என் மூக்குக்கண்ணாடியின் காலைக்கூட நான் போட்டிருக்கும்போதே அளந்து, "ரெண்டரை. நான் ரெண்டுன்னு நினைச்சேன்" என்று ஏமாற்றத்தோடு விட்டுவிட்டார்.

அவர் செய்துகொண்டிருப்பது ஒரு ரோபோ. நாலு கால், கால் ஒன்றுக்கு இரண்டு சிலிண்டர், பூனை உயரம். எண்ணெயின் அழுத்தத்தில் மடங்கி நீளும் கால்கள். எந்தப் போட்டிக்கும் இல்லை, யாருக்கும் விற்கவும் இல்லை. எனக்கு அது பிடிபடவே இல்லை.

"செஞ்சு முடிச்சா அது என்னம்மா பண்ணும்?"

"நடக்கும்ணே."

"நடந்து?"

"திரும்பி வரும்."

வேறொரு நாள் அவராகவே சொன்னார். மோட்டார் வைத்த பொம்மை வெடுக் வெடுக்கென்று நடக்குமாம், பார்த்தால் எரிச்சல் வருமாம். "எங்க பேஷண்ட் நாற்காலியைப் பாருங்கண்ணே. எவ்வளவு பயந்தவங்க உக்காந்தாலும் சத்தமே இல்லாம சாய்க்கும். இருபது வருஷமா பக்கத்துல நின்னு பாக்குறேன். அந்த மாதிரி ஒண்ணு என் கையால அசையணும்."

சந்தையில் இந்த அளவுக்குச் சாமான் கிடையாது. கிடைத்தாலும் ஆயிரம் வாங்கினால்தான் தருவார்கள். ஆகவே இந்த அம்மா தேடுகிறார். சைக்கிள் கடையில் கழற்றிப் போட்ட பிரேக் பிடிக்குள் இருக்கும் குட்டிப் பம்ப். கதவு தானாகச் சாத்திக்கொள்ள மேலே மாட்டியிருப்பார்களே, அதன் வயிற்றில் இருக்கும் வால்வு. ஆஸ்பத்திரியில் பழைய நோயாளி நாற்காலியைத் தூக்கி எறிந்தபோது, அதன் கால்மிதிப் பெட்டியைக் கேட்டு வாங்கித் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். குழந்தை என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாராம். "இல்லைன்னு சொல்ல வாய் வரலைண்ணே. கனமா வேற இருந்துச்சு."

கழற்றும்போது பேசுவார், சிலிண்டரோடு. "நல்லா வாயைத் திறங்க" என்பார். பூட்டு வளையத்தைக் கொக்கியால் நெம்பும்போது, "கொஞ்சம் சுருக்குனு இருக்கும்." கவிழ்த்து எண்ணெயை வடிக்கும்போது, "இப்ப துப்பிக்கோங்க." ஓரிங் என்கிற ரப்பர் வளையத்தை அதன் பள்ளத்திலிருந்து கீறல் விழாமல் எடுக்க நான் ஐம்பது வருஷமாக வளைத்த சாக்கு ஊசி வைத்திருந்தேன். அவர் பல் சொத்தையைக் குத்திப் பார்க்கும் பழைய கொக்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நானே கண்டுபிடித்தது என்று சொல்வது வழக்கம். பத்திரிகையில் பொய் எழுதக்கூடாது என்பதால் இங்கே உண்மையை எழுதுகிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பல் டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவாராம். என்ன வேண்டும் என்று கேட்காமலே வேண்டிய கருவியை இவர் அதில் வைக்க வேண்டும், பிடி டாக்டர் பக்கமாக. ஒரு நாள் நான் ஒரு ஹோஸின் வாயை முறுக்கிக்கொண்டே ஏதோ ஞாபகத்தில் கையை நீட்டினேன். உள்ளங்கையில் ஒன்பதாம் நம்பர் ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது. எனக்கு வேண்டியதும் ஒன்பதுதான். கட்டிக்கொண்டவள்கூட எனக்கு அப்படி ஒன்றை எடுத்துக் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

இப்போது என் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பரில் ரகம் உண்டு. பிரேக் எண்ணெய்க்கு ஒரு ரகம், இயந்திர எண்ணெய்க்கு ஒரு ரகம். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே பளபளப்பு. மாற்றிப் போட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். மற்றவர்கள் பாக்கெட்டைப் பார்த்து விற்பார்கள். நான் விரலால் தேய்த்துச் சொல்வேன். இந்தத் தெருவுக்கே தெரியும்.

தங்கச்சிக்கு மட்டும் அது போதாது. எட்டுச் சிலிண்டருக்கு எட்டு ஓரிங் வாங்கினால், ஒன்பதாவது ஒன்றும் வாங்குவார். அதைப் பல் மருந்துச் சீசாவில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, தேதி ஒட்டி, ஒரு வாரம் பார்த்து, அளந்து, மாறாமல் இருந்தால்தான் மற்ற எட்டையும் மாட்டுவார்.

"ரப்பரை எதுக்கும்மா ஊறவைக்கிற? முளைவிடப் போகுதா?" என்று கேட்டேன் ஒரு சனிக்கிழமை. "என் விரல் சொன்னா சொன்னதுதான். நாளைக்கே மாட்டு. கசிஞ்சா என் விரலை வெட்டிக்கோ."

அந்த ஒரு தடவைதான் அவர் என் பேச்சைக் கேட்டார்.

அவர் வீட்டுக்காரர் தையல்காரர். டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு தைப்பதுதான் தொழில், வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னல் ஓரம் அவருடைய தையல் மெஷின், எதிர்ச் சுவர் ஓரம் இந்த அம்மாவின் மேஜை. நடுவே தரையில் தையல் சாக்பீஸால் ஒரு நீலக்கோடு. எண்ணெய் அந்தப் பக்கம், வெள்ளை இந்தப் பக்கம். கோட்டைக் கடந்து வந்தால் கையைக் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். பதினொரு வருஷமாக இரண்டு பேரும் அந்தக் கோட்டை மதித்து நடந்திருக்கிறார்கள்.

என் விரல் சொன்ன ஓரிங்குகளை ஞாயிற்றுக்கிழமை மாட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலு காலும் நடந்து கோட்டின் அருகே வந்து திரும்பும்போது பின்னங்கால் ஒன்று மடங்கியது மடங்கியபடி இறுகிக்கொண்டது. உள்ளே ரப்பர் உப்பியிருந்தது. பம்ப் விடாமல் தள்ளியது. ஹோஸ் பிடுங்கிக்கொண்டு எண்ணெயைப் பீய்ச்சி அடித்தது. நீலக்கோட்டுக்கு எண்ணெயைத் தடுக்கத் தெரியாது அல்லவா? அந்தப் பக்கம் தைத்து, பொத்தான் வைத்து, தேய்த்து மடித்து வைத்திருந்த மூன்று கோட்டுகள் புள்ளிமான் ஆகிவிட்டன.

தையல்காரர் கத்துகிற மனிதர் இல்லை. அதுதான் பயம். மூன்று கோட்டையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இனிமே ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு இந்தத் தரையில விழுந்தா, அதுக்குத்தான் நாலு காலு இருக்கே, நடந்தே வீட்டைவிட்டுப் போகட்டும்."

மறுநாள் சனிக்கிழமை. தங்கச்சி கடைக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். இரண்டு சீசாவை மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, இதுல எது இயந்திர எண்ணெய்க்கானது?"

இரண்டிலிருந்தும் ஓரிங்கை எடுத்துத் துடைத்துத் தேய்த்தேன். "ரெண்டும்தான்" என்றேன்.

அவர் வெர்னியரை வைத்து அளந்து, என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒன்று, முன்பு எப்போதோ வாங்கி ஊறவைத்தது, பழைய அளவில் இருந்தது. மற்றது, மாட்டிய அன்றே வழக்கம்போல ஊறப்போட்ட ஒன்பதாவது ஓரிங், ஆறு நாளில் உப்பிப் பருத்திருந்தது. நான் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தேன். இயந்திர எண்ணெய் ரகம் இருக்க வேண்டிய அறையில் பிரேக் ரகம். நிரப்பியது யார்? நான்தான். வேறு யார் தலையிலும் போட வழியில்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் என் விரல் பொய் சொன்னது அன்று ஒரு நாள்தான். இன்னொரு நாள் உண்டு என்றால் அது இன்னும் என் காதுக்கு வரவில்லை.

"விரலை வெட்டிக்கோ தங்கச்சி" என்று நீட்டினேன்.

"வேணாம்ணே. அது எத்தனை எம்.எம்.னு தெரியாம வெட்ட மாட்டேன்" என்றார். சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது. பதினொரு வருஷம் பொறுக்கிச் சேர்த்த எட்டுச் சிலிண்டர்.

சரியான ரகத்தைப் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொடுத்தேன். ஒரு வாரம் ஊறியது. உப்பவில்லை. எட்டையும் மாட்டி, எட்டையும் நாக்கில் தொங்கவிட்டு நாற்பது எண்ணினார். அடுத்த ஞாயிறு காலையில் பரீட்சை என்று முடிவாயிற்று. தையல்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்: "அந்த விரல்காரரையும் வரச்சொல்லு."

போனேன். மெஷின்மேல் அந்த மூன்று கோட்டும் இன்னும் கிடந்தன. தையல்காரர் ஒன்றைத் தூக்கி என் முன்னால் விரித்தார்.

"வாங்க மச்சான். உங்க தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுலேருந்து குடுத்த சீதனம் இதுதானா?"

"மாப்ளே, நான் மூணு கோட்டுக்கும் துணி வாங்கித் தர்றேன்."

"துணி நான் வாங்கிட்டேன். நீங்க விரலை வெச்சுத் தேய்க்காம இருந்தா போதும்."

அந்தத் துணியைத்தான் விரித்தார். கோட்டுத் துணி, பச்சைப் பாலைப் போல வெள்ளை, புதுசு. அம்மாவின் பக்கம் சுவரிலிருந்து நீலக்கோடு வரைக்கும் தரையில் போட்டு நாலு மூலையிலும் இஸ்திரிப் பெட்டியும் கத்தரியும் புத்தகங்களும் வைத்து அழுத்தினார். இரண்டு மணி நேரம் ரோபோ அதன்மேல் நடக்க வேண்டும். ஒரு சொட்டும் விழக்கூடாது. விழுந்தால் பழைய இரும்புக்காரர் வீடு மூன்றாவது தெருவில்.

அம்மா ரோபோவை இயக்கும் பொத்தான் பெட்டியைக் கையில் எடுத்தார். மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. தரையோடு படுத்திருந்த நாலு காலும் நிமிர்ந்து எழுந்தன. நான் எத்தனையோ டன் தூக்கும் இயந்திரங்களைப் பார்த்தவன், பல இயந்திரங்கள் என் ஹோஸில்தான் ஓடுகின்றன. ஆனால் இதைப் போல ஒன்று குந்தி எழுந்து பார்த்ததில்லை. தூக்கம் கலைந்து சோம்பல் முறிப்பது போல ஒரு காலை நீட்டி வைத்தது. பிறகு மற்றது. சுவரிலிருந்து கோடு வரை நடந்தது. திரும்பி வந்தது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதாண்ணே" என்றார் தங்கச்சி, முகமெல்லாம் சிரிப்பாக.

தையல்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நேரம் போகவில்லை. என் காதோடு புலம்ப ஆரம்பித்தார். "டாக்டர் கையை நீட்டினா கேக்காமலே எடுத்து வெக்கிறாளாம். ஊரே மெச்சுது. இங்க நான் கத்தரியை எடுன்னு கேட்டா, 'உங்களுக்குக் கை இல்லையா'ங்கிறா. இருபத்தி நாலு வருஷம் மச்சான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை…"

"நீங்க கேட்டுட்டீங்கல்ல, அதான் வெக்கலை" என்றார் அம்மா, நாலு காலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. தையல்காரர் முட்டி போட்டுத் துணி முழுக்கத் தவழ்ந்து பார்த்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைதான்.

"சரி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் தையல்காரர். எனக்கு மூச்சு வந்தது.

"இருங்க" என்றார் அம்மா.

வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் ஒரு சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு துணிமேல் குனிந்தார். கடைவாய்ப் பல்லைத் தேடுகிறவரைப் போல ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அங்குலம் அங்குலமாகப் போனார். பின்னங்கால் திரும்புகிற இடம் ஒன்றில் நின்றார். கசகசா அளவுக்கு ஒரு புள்ளி.

"இருக்கு" என்றார்.

"அது தூசும்மா" என்றேன்.

அவர் ஒரு மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்து டார்ச்சில் காட்டினார். காகிதத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒளி ஊடுருவியது.

"எண்ணெய்தாண்ணே."

"என் சட்டையிலேருந்து விழுந்திருக்கும். என் சட்டையைப் பிழிஞ்சா அரை லிட்டர் வரும். மாப்ளே, சத்தியமா என் சட்டைதான்!"

"அண்ணன் அந்தப் பக்கம் வரவே இல்லை. இது பின்னங்கால்" என்றார் அம்மா. கண்ணாடியையும் டார்ச்சையும் மேஜைமேல் வைத்தார். நாலு காலையும் மடித்துப் படுக்கவைத்தார். பம்ப் ஹோஸைக் கழற்றினார். கசியும் வாயைப் பஞ்சால் அடைத்தார். "ஒரு சொட்டுன்னு சொன்னீங்க. ஒரு சொட்டு" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். குரல் ஆஸ்பத்திரிக் குரலாகத்தான் இருந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கழற்றப்போகும் சிலிண்டர்களுக்காகப் பஞ்சை விரித்தார்.

தையல்காரர் புள்ளியைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். துணியை எடுத்து உதறி வெட்டு மேஜைமேல் விரித்தார். கோட்டுப் பாக்கெட்டுக்கான அளவு அட்டையை அதன்மேல் வைத்தார். கசகசாப் புள்ளி சரியாக அட்டையின் விளிம்புக்குள் வந்தது. இரண்டு விரலால் அட்டையை ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். புள்ளி வெளியே, வீணாகப் போகும் ஓரத்துக்குப் போய்விட்டது. அட்டையைச் சுற்றி நீலச் சாக்பீஸால் கோடு போட்டு முடித்தார். பிறகு துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், வாயைத் திறக்காமல், வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார்.

அம்மா போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தார். கத்தரியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார், பிடி அவர் பக்கமாக.